பாலீஷின் சாய்தளம்

அந்த ஊரில் கான்கிரீட்காரனுக்கு வருடத்தில் ஆறு மாதம்தான் பிழைப்பு. மீதி ஆறு மாதமும் தரை உறைந்து கிடக்கும். கடப்பாரையைப் போட்டால் கடப்பாரைதான் வளையும். வேலை நடக்கிற ஆறு மாதத்திலும் பாதி நாள் கொளுத்துகிற வெயில். லாரியை விட்டு இறங்கும்போதே கலவை இறுகத் தொடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் வசந்தம் என்று ஒன்று வருவதாகக் காலண்டரில் போட்டிருப்பார்கள். வந்து பார்த்தால் அது சேறு.

இப்படிப்பட்ட ஊரில் முப்பத்தோரு வருடமாக வீட்டுப் படிகளுக்கும் வாசல்களுக்கும் கார் ஏறும் தளங்களுக்கும் கான்கிரீட் போட்டுவந்தவர் நம் ஆள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது அரசாங்கத்துக்கு மட்டும் தெரியும். ஊருக்கு அவர் பாலீஷ்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. கலவையைக் கொட்டி, மட்டப்பலகையால் இழுத்து, கரண்டியால் தேய்த்து முடிப்பதை எல்லாரும்தான் செய்கிறார்கள். வெளிப்புறத் தளமென்றால் கடைசியில் ஒரு துடைப்பத்தை எடுத்துக் குறுக்கே இழுத்துவிடுவார்கள். மேலே கோடு கோடாக விழும். பார்க்கச் சுமார்தான், ஆனால் கால் வழுக்காது. பாலீஷுக்கு இது அறவே பிடிக்காது. “வழுவழுன்னு வந்த தரையைத் துடைப்பத்தால கீறுறது, குளிப்பாட்டின குழந்தை மூஞ்சியில கரியைப் பூசுற மாதிரி” என்பார்.

அவரிடம் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வெள்ளையடிக்கும் பிரஷும் எப்போதும் இருக்கும். கலவை இறுகி, கரண்டி முரண்டு பிடிக்கிற நேரம் பார்த்து பிரஷை முக்கி ஓர் உதறு உதறுவார். அவ்வளவுதான், சிமெண்ட் பால் மேலே திரண்டு வரும். கரண்டி வெண்ணெயில் போவதுபோலப் போகும். காய்ந்த பிறகு அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். இதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் வருடக் கோடையில் ஒரு தளம் கைமீறி இறுகியபோது பயத்தில் தெளித்த தண்ணீர் அது. வீட்டுக்காரர் வந்து பார்த்து “அடேங்கப்பா!” என்றார். அந்த ஒரு அடேங்கப்பாவை வைத்துக்கொண்டு மனிதர் முப்பத்தோரு வருடம் ஓட்டிவிட்டார்.

தான் போட்ட தளம் ஒரு குளிர்காலத்தைத் தாண்டி எப்படியிருக்கிறது என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்க நேரம் ஏது? வீடு கட்டி விற்கிற கம்பெனி வருடத்துக்கு ஒரு தெருவாகப் போய்க்கொண்டேயிருந்தது. பழைய தெருவில் பனி உருகும்போது பாலீஷ் புதிய தெருவில் பலகை அடித்துக்கொண்டிருப்பார். புகார் ஏதாவது வந்தாலும் அது கம்பெனி அலுவலகத்தோடு நின்றுவிடும். அங்கே ஒரு பெண் உட்கார்ந்து பதில் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கினாள்.

அவர் மனைவி திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை செய்தவர். கை சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம். கணவர் புதிதாகப் போட்ட தளத்தைப் பார்க்க ஒருமுறை கூட்டிப்போனபோது சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “மேலே நல்லாத்தான் இருக்கு. புரட்டிப் பாக்க முடியாதே, அதான் உங்க தொழில்ல வசதி” என்றார். பாலீஷ் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். எதையும் பாராட்டாக எடுத்துக்கொள்கிற உடல்வாகு அவருக்கு.

ஒரு கோடையின் கடைசியில், கடையில் துணியை அளந்துகொண்டிருந்த அந்த அம்மாவின் இடது கையிலிருந்து அளவுநாடா நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தார், இடது கால் வரவில்லை. பக்கவாதம். உயிருக்குப் பயமில்லை என்றார்கள். பேச்சு கொஞ்சம் இழுத்தது. அறிவு ஓர் இழைகூடக் குறையவில்லை. குளிர்காலம் முழுக்க ஆஸ்பத்திரியில் பயிற்சி, அதன்பிறகு சக்கர நாற்காலியோடு வீடு. உதவிக்கு நாள்தோறும் ஓர் ஆளை ஆஸ்பத்திரியிலிருந்தே அனுப்புவார்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை. பாலீஷின் வீட்டு வாசலில் மூன்று படி. அந்த அம்மா யார் தயவும் இல்லாமல் ஒற்றைக் கையால் நாற்காலியை ஓட்டி வெளியே வந்து போக ஒரு சாய்தளம் வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் அதிகாரி அம்மாள் வந்து பார்த்துச் சரி என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால், ஊருக்கு வெளியே இருக்கிற முதியோர் இல்லம்.

“அங்க என்னைக் கொண்டுபோய் வச்சிடாதீங்க” என்றார் மனைவி. கூட வேலை செய்த ஒருத்தியை அங்கே போய்ப் பார்த்திருக்கிறார். “எல்லாரும் டிவியைப் பாத்து ஒரே பக்கமா சாஞ்சிருக்காங்க. டிவி ஓடவே இல்ல.”

“பைத்தியம்! யாரு வீட்டுக்காரின்னு நெனச்சே?” என்றார் பாலீஷ். “ரேம்ப்தானே? ஊருக்கே போட்டவன் உனக்குப் போட மாட்டேனா?”

“ஊருக்குப் போட்ட மாதிரி வேணாம். நல்லாப் போடுங்க.”

இலையெல்லாம் கொட்டி முடிந்த ஒரு காலையில் ரெடிமிக்ஸ் லாரி வந்தது. அந்த வருடத்தின் கடைசி லோடு. ஓட்டிவந்தவர் மனைவியின் தம்பி. இருபது வருடமாகக் கலவை லாரி ஓட்டுகிறவர். பேசும்போதும் பின்னால் டிரம் சுற்றுகிற சத்தத்துக்கு மேல் கத்தியே பழக்கம். வழியில் ஒரு மணி நேரம் தாமதம். குளிர்காற்று வேறு மேல்பரப்பை உலர்த்திக்கொண்டிருந்தது. பாலீஷ் மண்டியிட்டுத் தேய்க்கத் தேய்க்கக் கரண்டி முரண்டு பிடித்தது. பிரஷை எடுத்தார்.

“மாமா, தண்ணி தெளிக்காதீங்க!” என்று கத்தினார் மைத்துனர். “பிளான்ட்ல இஞ்சினியர் தலையில அடிச்சிக்கிறாரு. மேல தண்ணி பட்டா மேல்தோலு வெறும் பாலாப் போயிடுமாம். ஒரு குளிருக்குத் தாங்காதாம்.”

“இஞ்சினியர் முட்டி போட்டுத் தேச்சிருக்காரா?”

“அவரு எதுக்கு மாமா முட்டி போடணும்? அப்படியே விட்டுட்டு ஒரு துடைப்பத்தை இழுங்க. வீல் சேர் போற பாதை. அக்காவுக்குப் பிடிமானம் வேணாமா?”

“மாப்ளே, நீ டிரம்மைச் சுத்து. தரையை நான் பாத்துக்கறேன்.”

“நான் சுத்திக்கிட்டுத்தான் இருக்கேன். உங்க மூளைதான் சுத்த மாட்டேங்குது.”

பாலீஷ் தெளித்தார். அன்றைக்கு வழக்கத்தைவிட இரண்டு வாளி கூடுதலாகவே தெளித்தார், மனைவிக்கு அல்லவா? மற்றவர்களுக்கு ஒரு மடங்கு தேய்த்தால் இதற்கு மூன்று மடங்கு. பிரியம் வந்தால் மனிதன் எதைக் கூடுதலாகச் செய்வான், தெரிந்ததைத்தானே! சாயங்காலம் சாய்தளம் மீன் வயிறுபோல மினுங்கியது. கம்பளி போர்த்தி, மேலே பிளாஸ்டிக் விரித்து, குழந்தையைத் தூங்கவைத்தவர்போல அடிமேல் அடி வைத்து உள்ளே போனார்.

பிறகு பனி விழுந்தது. முதல் பனி உருகி, மறுபடி உறைந்து, அதன்மேல் அடுத்தது விழுந்தது. தெருவைச் சுத்தம் செய்கிற வண்டி தினமும் காலையில், பனி உருகப் போட்ட உப்புத் தண்ணீரை வாசல் வரைக்கும் வாரி இறைத்துவிட்டுப் போனது. சாய்தளம் முழங்கால் ஆழப் பனிக்குக் கீழே பத்திரமாகத் தூங்கியது.

பாலீஷ் ஒன்றுவிட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். மனைவி வார்டின் நீளமான நடையில் நாற்காலியை ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தார். வலது கையால் சக்கரத்தைத் தள்ளி, வலது காலால் திசை திருப்ப வேண்டும். முதல் மாதம் சுவரில் மோதினார். இரண்டாம் மாதம் நர்ஸ்மேல் மோதினார். மூன்றாம் மாதம் டாக்டர்மேல் மோதிவிட்டு, “இது மட்டும் வேணும்னே” என்றார்.

“ரேம்ப் எப்படி இருக்கு?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்.

“கண்ணாடி.”

“பாத்தீங்களா?”

“பனிக்கு அடியில இருக்கு. பாத்தாத்தான் தெரியுமா? என் கைக்குத் தெரியாதா?”

“உங்க கைக்கு என்னதான் தெரியாது? சமையல் மட்டும்தான் தெரியாது.” பிறகு சொல்வார்: “வீட்டுக்கு வந்ததும் முதல்ல யாரும் தொடாம நானே வெளியே வரணும். வாசல்ல நின்னு போறவங்க வர்றவங்களை ஒரு அரைமணி நேரம் பாக்கணும். இங்க எல்லாரும் ரப்பர் செருப்புல நடக்கிறாங்க, ஒரு சத்தமே இல்ல.”

குளிர் பின்வாங்கத் தொடங்கிய வாரத்தில் வாசல் பனி ஒரே நாளில் இறங்கியது. பாலீஷ் துடைப்பத்தால் மிச்சத்தைத் தள்ளினார். கூடவே தரையும் வந்தது.

முதலில் அழுக்கு என்று நினைத்தார். குனிந்து எடுத்தார். உள்ளங்கை அகலத்துக்குச் சிமெண்ட் தோல். ஒரு பக்கம் வழுவழு, மறுபக்கம் மணல். வெயிலில் தோலுரிந்த முதுகுபோலச் சாய்தளம் முழுக்கத் திட்டுத் திட்டாக உரிந்து, அடியில் ஜல்லி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. உரியாத இடங்களைக் கரண்டிக் காம்பால் தட்டிப் பார்த்தார். எல்லாம் உள்ளே பொள்ளலான சத்தம்.

மறுநாளே அதிகாரி அம்மாள் வந்துவிட்டார். கையில் அளவுநாடா, முகத்தில் நல்ல மனசு. சரிவு சரி, அகலம் சரி என்று எழுதிக்கொண்டே வந்தவர், நடுவில் நின்று பூட்ஸ் நுனியால் ஒரு தேய்ப்பு தேய்த்தார். ஒரு துண்டு கழன்று உருண்டது.

“அடடா. போன வருஷம்தானே போட்டது? யார் போட்டாங்க?”

மைத்துனர் அப்போது வேலியோரம் நின்றிருந்தார். பாலீஷ் அவர் பக்கம் திரும்பவில்லை. “ஒரு கான்ட்ராக்டர் மேடம்” என்றார். “பேரு நல்லாத்தான் இருந்துச்சு. ஏமாத்திட்டான்.”

“இந்த மாதிரி ஆளுங்களைச் சும்மா விடக்கூடாது சார்” என்றார் அந்த அம்மாள் மனசாரக் கோபப்பட்டு. “பாவம், உங்க நிலைமையைப் பாத்தாவது ஒழுங்கா செஞ்சிருக்க வேணாமா?”

“அவனுக்கு எங்க மேடம் அதெல்லாம்” என்றார் பாலீஷ்.

அந்த அம்மாள் ஒரு வழியும் சொல்லிவிட்டுப் போனார். தரை இன்னும் உறைந்து கிடக்கிறது, இதை இடித்துப் புதிதாகப் போட இரண்டு மாதமாவது ஆகும். ஆஸ்பத்திரிப் படுக்கை அதுவரை காத்திராது. பத்து நாள்தான் கெடு. ஆனால் இதன்மேலேயே மரப்பலகையில் ஒரு சாய்தளம் அடித்தால் போதும். அதையும் ஒப்புக்கொள்வார்கள். பத்தாம் நாள் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

“தச்சன் என் கூட்டாளிதான் மாமா” என்றார் மைத்துனர், அந்த அம்மாளின் கார் திரும்புவதற்குள். “ரெண்டு நாள் வேலை. நாளைக்கே வரச் சொல்றேன்.”

“என் வீட்டு வாசல்ல மரமா?”

“ஏன், மரம் கடிக்குமா?”

“கான்கிரீட்காரன் வீட்டு வாசல்ல பலகை அடிச்சா ஊரு சிரிக்காதா?”

“சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும். அக்கா வீட்டுக்கு வந்துடுமில்ல?”

பாலீஷ் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். யோசிப்பதற்காகவே மறுநாள் பஸ் ஏறி, மூன்று வருடத்துக்கு முன் தான் வேலை செய்த தெருவுக்குப் போனார்.

அந்தத் தெருவில் இருபத்தாறு வீடு. இருபத்தாறு தளமும் அவர் கையால் போட்டது. முதல் வீட்டில் படி விளிம்பு உதிர்ந்திருந்தது. இரண்டாவதில் கார் நிற்கிற இடமெல்லாம் அம்மைத் தழும்பு. மூன்றாவதில் தளத்தின்மேல் பச்சைப் பெயிண்ட் அடித்து, பெயிண்டும் சேர்ந்து உரிந்திருந்தது. பத்தாவது வீடு வரை எண்ணினார். அப்புறம் எண்ணவில்லை.

ஒரு வீட்டில் ஓய்வுபெற்ற வாத்தியார்போல ஒருவர், உதிர்ந்த சில்லுகளைக் குனிந்து பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார்.

“எப்பலேருந்து இப்படி?” என்றார் பாலீஷ், வழிப்போக்கர்போல.

“முதல் குளிருக்கே. எங்க தப்புதான் சார்” என்றார் அவர். “பனி உருகட்டும்னு உப்பு போட்டோம். கம்பெனியில கேட்டப்போ அந்தப் பொண்ணு தெளிவா சொல்லுச்சு. உப்பு போட்டா எந்தத் தரையும் போயிடுமாம். போட்டவன் மேல குத்தம் இல்ல. நல்ல வேலைக்காரன் சார் அவன். புதுசுல நீங்க பாத்திருக்கணும், அப்படியே கண்ணாடி! என் பொண்டாட்டி வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைஞ்சதே அதுலதான்.” இதையும் ஒரு பெருமைபோலச் சொன்னார். “இந்த வருஷம் உப்பு போடல. அப்பவும் உதிருது. அதான் புரிய மாட்டேங்குது.”

பாலீஷுக்கு அதிலிருந்து புரிந்திருக்க வேண்டும். வேறு எந்த மனிதனும் அங்கிருந்து நேரே தச்சன் வீட்டுக்குப் போயிருப்பான். இவர் பஸ்ஸில் உட்கார்ந்து வேறு கணக்குப் போட்டார். வாசலில் மரம் வந்துவிட்டால் அந்த ஒரு சாய்தளத்தோடு போகாது. இருபத்தாறு வீடும், மற்ற முப்பது தெருவும் தப்பு என்று ஆகிவிடும். இந்த ஒன்றை மட்டும் நிமிர்த்திவிட்டால், மற்றதெல்லாம் உப்பு. மற்றதெல்லாம் குளிர்.

வீட்டுக்கு வந்து மைத்துனருக்குப் போன் செய்தார். “மரம் வேணாம். நான் பாத்துக்கறேன்.”

“என்ன பாத்துப்பீங்க? தரை உறைஞ்சு கிடக்கு.”

“மேல ஒரு பூச்சு.”

“பூச்சா! மாமா, உங்க கால்ல விழறேன்.”

“போனை வை மாப்ளே.”

சாய்தளத்துக்கு மேல் பிளாஸ்டிக் கூடாரம் கட்டினார். உள்ளே இரண்டு ஹீட்டர். உரிந்ததையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, விரல் கனத்துக்குச் சாந்து பூசினார். ஏழு நாள் மண்டியிட்டே இருந்தார். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு, முட்டி இரண்டும் எழுபதைத் தாண்டியவை. கூடாரத்துக்குள் வியர்த்துக்கொட்டியது; ஒரு முழம் தள்ளி வெளியே ராத்திரியில் எச்சில் துப்பினால் அது உறைந்து போய் விழும். தண்ணீர் தெளிக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் இருந்தார். கை தெளித்தது. முப்பத்தோரு வருடம் பழகிய கையிடம் போய் நேற்று வந்த யோசனையைச் சொன்னால் கேட்குமா?

ஒன்பதாம் நாள் கூடாரத்தைப் பிரித்தார். மினுங்கியது. அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய் மனைவியிடம், “நாளைக்கு எல்லாம் முடிஞ்சிடும்” என்றார். மனைவி பையைக் கட்டி மடியில் வைத்திருந்தார். நாற்காலியில் காலணியைக்கூட மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஒரு நாள் முன்னதாகவே.

பத்தாம் நாள் அதிகாரி அம்மாள் காலி நாற்காலி ஒன்றைக் காரிலிருந்து இறக்கினார். மைத்துனரும் லாரியை ஓரங்கட்டிவிட்டு வந்து நின்றார்.

“சரிபண்ணிட்டாரா அந்தக் கான்ட்ராக்டர்?” என்றார் அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே.

நாற்காலியில் தன் கைப்பையையும் இரண்டு செங்கல்லையும் வைத்து அவர் மெல்ல மேலே தள்ளினார். முதல் முழம் ஏறியது. இரண்டாவது முழத்தில் முன்சக்கரத்துக்குக் கீழே, முட்டை ஓடு நசுங்குகிற மாதிரி ஒரு சத்தம். சக்கரம் உள்ளே இறங்கி நின்றது. பின்னுக்கு இழுத்தார்; சக்கரத்தோடு பூச்சு ஒரு தட்டு அகலத்துக்குப் பெயர்ந்து வந்தது. அடியில் ஈரம் உறைந்து வெள்ளையாக இருந்தது.

அந்த அம்மாள் ரொம்ப நேரம் எழுதவில்லை. பேனாவைத் திறந்தபடியே நின்றார். “மரத்துல போடலாம்னு சொல்லியிருந்தேனே சார்” என்றார். அப்புறம் எழுதினார்.

வெளியூரில் இருக்கிற மகள், அம்மாவை இல்லத்தில் சேர்க்கப் போனிலேயே சம்மதம் சொன்னாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். இல்லத்தில் சேர்ந்துவிட்டால், வீட்டுக்கு வந்து உதவுகிற ஆட்களுக்கான வரிசையில் பெயர் கடைசிக்குப் போய்விடும். அந்த வரிசை இரண்டு வருட நீளம். அதற்குள் பயிற்சி நின்று, பழகிய வலது கையும் மறந்துவிடக்கூடும் என்று டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார்.

மைத்துனர் சத்தம் போடவில்லை. கத்தியே பழகிய மனிதர், முதல்முறையாகத் தணிந்த குரலில் பேசினார். “அக்காகிட்ட நான் எதுவும் சொல்ல மாட்டேன் மாமா. நீங்களே சொல்லிக்கங்க.” லாரியில் ஏறினார். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் அவர் வண்டி வரவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை பாலீஷ் இல்லத்துக்குப் போனார். இரண்டு கட்டில் போட்ட அறை. ஜன்னல் பின்பக்கச் சுவரைப் பார்த்திருந்தது. மனைவியின் நாற்காலியை யாரோ தள்ளிக்கொண்டுவந்து சுவரோரம் நிறுத்தி, சக்கரத்தைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இங்கே தானாக ஓட்ட அனுமதியில்லையாம். ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொள்வார்களாம்.

வரும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் பண்ணிக்கொண்டே வந்தார். ரெண்டு நாள்ல மரத்துல முடிஞ்சிருக்கும். நான்தான் வேணாம்னுட்டேன். மொத்தமே இவ்வளவுதான். மூச்சு விடாமல் சொன்னால் சொல்லிவிடலாம்.

“இளைச்சிட்டீங்க” என்றார் மனைவி. “என்ன சாப்பிடறீங்க?”

“ஏதோ.”

“ரேம்ப் உடைஞ்சுபோச்சுன்னு பொண்ணு சொன்னா. தரை உறைஞ்சு கிடந்தா நீங்க மட்டும் என்ன பண்ணுவீங்க?” நிறுத்தி, வார்த்தையைக் கொஞ்சம் தேடி எடுத்துக் கேட்டார். “வேற வழியே இல்லியாங்க?”

பாலீஷ் வாயைத் திறந்தார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்; காலில் அந்தக் காலணி இருந்தது.

“இல்ல” என்றார் பாலீஷ்.

“அப்ப விடுங்க. நீங்க போட்டே நிக்கலன்னா வேற யாராலும் நிறுத்த முடிஞ்சிருக்குமா?” நல்ல கையால் அவர் முழங்காலை ஒரு தட்டு தட்டினார். தட்டிய இடத்தில் உயிர் போகிற வலி, அவர் அசையவில்லை. மனைவி பக்கத்துக் கட்டில் பக்கம் திரும்பினார். அங்கே ஒரு பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “இவருதான் எங்க வீட்டுக்காரர். கான்கிரீட் வேலையில இவரை அடிச்சிக்க இந்த ஊர்ல ஆள் இல்ல. முப்பத்தோரு வருஷம், ஒரு குறை வந்ததில்ல. இந்தப் பாழாப்போன குளிருதான் எங்களைக் கவுத்துடுச்சு.”

பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாலீஷை மரியாதையோடு பார்த்தார். பாலீஷ் தலையைக் குனிந்துகொண்டார்.

“பாத்தீங்களா?” என்றார் மனைவி. “புகழ்ந்தா இவருக்குப் பிடிக்காது.”